திரு சார் சொன்னது

பயப்படாதீங்க சார், அந்தப் பையில வயர் நீட்டிக்கிட்டு இருக்கறது மோட்டார் ஸ்டார்ட்டருங்க. எங்க கம்பெனிச் சரக்கு. கால்ல இடிச்சா இப்படி என் பக்கம் தள்ளி விட்டுருங்க. கோயமுத்தூர் ஸ்டேஷன்ல போலீஸ்காரர் ரெண்டு தடவை தொறந்து பாத்துட்டாரு. மூணாவது தடவை அவரு கேக்கறதுக்குள்ள நானே அவருக்கு ஒண்ணு வித்திருப்பேன், ரயிலு வந்துருச்சு.

விவசாயி வீட்டுல உக்காந்துக்கிட்டு ஒரு மிஸ்டு கால் விட்டாத் தோட்டத்துல மோட்டார் ஓடும். இன்னொண்ணு விட்டா நின்னுரும். கெணத்துல தண்ணி தீந்தாத் தானாவே நின்னுரும். பொட்டி பேரு துளிர். நான் திருமூர்த்தி. ஸ்டார்ட்டப்புங்கறாங்க இல்லீங்களா, அதுதான். எனக்கு நாப்பத்தி நாலு வயசாகுது, அதுக்காக ஸ்டார்ட்டப் வைக்கக் கூடாதுன்னு சட்டமா இருக்குது?

பம்பு கம்பெனி ஒண்ணுல பதினாலு வருசம் சேல்ஸ்ல இருந்தனுங்க. கூட்டாளி ஜெகதீசன் எலெக்ட்ரானிக்ஸ் படிச்சவன். பொட்டிக்குள்ள இருக்கறது அவன் மூளை. பொட்டிய ஊரு ஊராக் கொண்டு போறது என் வாயி. சரவணம்பட்டிப் பக்கம் ஒரு ஷெட்டு, பதினோரு பேரு வேலை. அவ்வளவுதான் கம்பெனி. நல்லாப் போய்க்கிட்டு இருந்துச்சு. கணக்குக்கு ஒரு ஆள் வேணும்னு ஜெகதீசன் சொன்னான் பாருங்க, அங்கதான் ஆரம்பிச்சுது.

கோகிலவாணின்னு ஒரு அம்மா வந்தாங்க. என் வயசுதான் இருக்கும். ஒரு ஸ்பின்னிங் மில்லுல கணக்குல இருந்தவங்க, மில்லு மூடிட்டாங்க. நான் எங்க பொட்டி, எங்க கனவு, அஞ்சு வருசத்துல அம்பது கோடின்னு அரை மணி நேரம் பேசுனேன். வாயத் தொறக்காமக் கேட்டுக்கிட்டாங்க. "ஏதாச்சும் கேக்கணுமாம்மா?"ன்னேன்.

"சம்பளம் எந்தத் தேதிங்க சார்?"

"மொத வாரத்துல போட்டுருவோம்."

"வாரம் வேண்டாங்க சார். தேதி சொல்லுங்க."

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. "ஏழு"ன்னேன். நோட்டுப் புஸ்தகத்த எடுத்து ஏழுன்னு எழுதிக்கிட்டாங்க. அம்பது கோடியில ஒரு எழுத்து எழுதலைங்க அந்தம்மா!

வடை சாப்பிடறீங்களா? சூடா இருக்கும்போல. ஏப்பா, ரெண்டு கொடு. இல்லைங்க, நான் கொடுக்கறேன், இதுல என்ன இருக்குது. சேலம் இந்தா வந்துரும், இன்னும் பத்து நிமிசம்.

எங்க தொழில்ல சித்திரை வெய்யில்தான் தீபாவளி. தண்ணி கம்மி, கரண்டு எப்ப வரும்னு தெரியாது, மோட்டார் போட ஆள் கெடைக்காது. போன வருசம் ஏப்ரல்ல மட்டும் நானூறு பொட்டிங்க. இருவத்தாறு லட்சத்துக்கு பில்லு. சாமான், சம்பளம், வாடகை எல்லாம் கழிச்சா ஏழு லட்சம் லாபம். நான் என்ன கேட்டேன்? ஒரு சின்ன வேன் கேட்டேன். அது பக்கவாட்டுல துளிர்னு பச்சையில பெருசா எழுதி, ஊருக்குள்ள போனா நாலு பேரு திரும்பிப் பாக்கணும். வேன் அஞ்சு லட்சம். லாபம் ஏழு. நீங்களே சொல்லுங்க, கணக்கு இடிக்குதா?

"லாபம் இருக்குதுங்க சார். பணம் இல்லை"ன்னாங்க.

"அதென்னம்மா, லாபம் வேற, பணம் வேறயா?"

"அந்த ஏழு லட்சம் இன்னும் தேனியிலயும் தருமபுரியிலயும் திருநெல்வேலியிலயும் இருக்குதுங்க சார். டீலருங்க கொடுத்தாத்தான் நமக்கு. நாம மட்டும் சாமானுக்கு முன்னாடியே கொடுத்தாச்சு."

சரி, போகட்டும்னு பாத்தா, மே மாசம் இருவதாந்தேதி ஒண்ணே முக்கால் லட்சத்த ஜிஎஸ்டி கட்டிட்டாங்க. பில்லு போட்டாச்சுன்னா வரி கட்டியாகணுமாம், பணம் வந்தாலும் வராட்டியும். வராத பணத்துக்கு வரி கட்டற கூத்த எங்கயாவது பாத்திருக்கீங்களா? அரசாங்கத்து மேல வந்த கோவம் எல்லாம் எனக்கு அந்தம்மா மேல திரும்பிக்கிச்சு. அவங்க என்ன பண்ணுவாங்க பாவம். அது பின்னாடி தோணுனது.

இதெல்லாம் பரவால்லைங்க. மனசுல முள்ளா நிக்கறது வேற.

ஒரு நா மத்தியானம் பிரிண்டர்ல இருந்து என் கொட்டேஷன எடுக்கப் போனேன். அதுக்கு மேல ஒரு பெரிய தாளு. மேல வரிசையா பதிமூணு வாரம். ஒவ்வொரு வாரத்துக்கும் கையில எவ்வளவு இருக்குது, எவ்வளவு வரும், எவ்வளவு போகும், கடைசியில எவ்வளவு மிஞ்சும். நல்ல வேலைதான்னு நெனச்சேன். வர்ற பணத்த மூணு வரியாப் பிரிச்சிருந்தாங்க. மொத வரி, 'உறுதி'. அதுக்கு நூறு சதவீதம். ரெண்டாவது வரி, 'அநேகமா'. அறுவது சதவீதம். மூணாவது வரி இருக்குது பாருங்க, 'திரு சார் சொன்னது'.

சதவீதம் சைபருங்க.

ஆமாங்க, சைபர்! நான் சொன்ன அஞ்சு லட்சம், மூணு லட்சம், நாலு லட்சம் எல்லாம் அந்த வரியில அழகா, வரிசையா, எந்த வாரம்னு சொன்னனோ அந்த வாரத்துல எழுதியிருக்குது. கூட்டறப்ப மட்டும் சேரலை. கம்பெனி நான் ஆரம்பிச்சது. பொட்டி விக்கறது நான். என் பேச்சுக்கு அந்தம்மா போட்ட வெல சைபர்.

தாள எடுத்துக்கிட்டு நேராப் போனேன். "என்னம்மா இது?"

பதறுவாங்கன்னு நெனச்சேன். நோட்டுப் புஸ்தகத்த எடுத்து முன்னாடி வெச்சாங்க. ஏழு மாசமா, எந்த டீலர் பணம் எந்தத் தேதி வரும்னு நான் சொன்னேன், நெசமா எந்தத் தேதி வந்துச்சு. பத்தொம்போது இருந்துச்சுங்க. அதுல ஒண்ணு சரியா வந்திருந்துச்சு. "பத்தொம்போதுல ஒண்ணு வந்திருக்குதுல்ல?"ன்னேன். "அது வேற கம்பெனிக்குப் போக வேண்டியது, தவறி நமக்கு வந்துருச்சுங்க சார். திருப்பி அனுப்பிட்டேன்"னாங்க. சராசரியா நாப்பத்தியோரு நாளு லேட்டாம்.

நான் பொய் சொல்றவன் இல்லைங்க. நான் சொன்னப்ப அது உண்மைதான். வெள்ளிக்கிழமை போடறேன்னு திருநெல்வேலி டீலர் என் கையப் புடிச்சுச் சொன்னாரு. அவரு வாயில வந்தத நான் சொல்றேன். எந்த வெள்ளிக்கிழமைன்னு அவரும் சொல்லலை, நானும் கேக்கலை. மொகத்துக்கு நேராக் கேட்டா வருத்தப்படுவாரு இல்லீங்களா?

அந்தக் கோவம் அடங்கறதுக்குள்ள மே மாசக் கடைசியில பெரிய ஆர்டர் வந்துச்சு. பொள்ளாச்சிப் பக்கம் தென்னை விவசாயிங்க சேந்து நடத்தற கம்பெனி. எண்ணூறு பொட்டி. நாப்பத்தெட்டு லட்சம்! சரக்கு கொடுத்து நாலு மாசத்துல பணம். அவங்களுக்கு மானியம் வருதுன்னாங்க. அங்கயே கையெழுத்துப் போட்டுட்டு, வர்ற வழியில எல்லாத்துக்கும் பிரியாணி வாங்கிட்டு வந்தேன். ஷெட்டுல ஒரே சந்தோசம். பொட்டி அடுக்கற மாரக்காள்ங்கற அம்மா எனக்குத் திருஷ்டியே சுத்திப் போட்டாங்க.

கோகிலவாணி சாப்பிட்டுக் கை கழுவிட்டு வந்தாங்க. "சார், சாமானுக்கு எவ்வளவு முன்பணம் கேக்கறாங்க?"

"பதினாலு லட்சம். பெங்களூர்ச் சாமான் கம்பெனிக்கு இன்னைக்கே போட்டுரணும். பேங்க்ல பதினாறு இருக்குதுல்ல?"

"இருக்குதுங்க சார். போட்டா ஜூன் மாசம் எப்படியோ தாண்டிரும். ஜூலை ஏழாந்தேதி சம்பளம் போகாது."

வாயில பிரியாணி. எப்படி இருந்திருக்கும் எனக்கு? "நல்ல நாள்ல நல்ல வார்த்தை வராதாம்மா உனக்கு?"ன்னு கேட்டுட்டேன். நீங்க வாங்கன்னு பேசிக்கிட்டு இருந்தவன், உனக்குன்னுட்டேன். அதுவும் எல்லாரு முன்னாடியும்.

எங்க பேங்க்ல ரெண்டு பேரு ஒப்புதல் கொடுத்தாத்தான் பெரிய பணம் நகரும். நான் ஒண்ணு, அந்தம்மா ஒண்ணு. நான் ஊரு சுத்தறவன்னு ஜெகதீசன் பண்ணி வெச்ச ஏற்பாடு. நான் என் பக்கத்த அழுத்திட்டேன். அவங்க போனுக்கு ஓடிபி நம்பரு வந்துச்சு. போன மேசை மேல கவுத்தி வெச்சுட்டாங்க.

"போடும்மா."

"மாட்டேங்க சார்."

"இது என் கம்பெனி!"

"ஆமாங்க சார்."

"திருநெல்வேலிக்காரரு ஜூன் பதினஞ்சுக்குள்ள அஞ்சு லட்சம் போடறேன்னு நேத்துச் சொன்னாரு. தருமபுரி நாலு. அப்புறம் என்ன?"

அவங்க கண்ணு அந்தத் தாளு மேல போச்சு, அவ்வளவுதான். எனக்கு ரத்தம் தலைக்கேறிருச்சு. "வேலைய விட்டுப் போறதுன்னாப் போம்மா"ன்னேன்.

ஜெகதீசன் சால்டரிங் பண்ணிக்கிட்டு இருந்தவன் எந்திரிச்சு வந்தான். மாசத்துக்கு மூணு வார்த்தை பேசறவன் அவன். "அந்தம்மா போனா நானும் போறேன்"ன்னு சொல்லிட்டு, மறுபடியும் போயி உக்காந்துக்கிட்டான்.

அப்பத்தான் கோகிலவாணி பேசுனாங்க. கோவமா இல்லைங்க, யாரோ வழி கேட்டா சொல்ற மாதிரி.

"மில்லுல நூத்தி நாப்பது பேருங்க சார். சம்பளம் தள்ளிப் போக ஆரம்பிச்சப்ப, சம்பள ஜன்னல்ல உக்காந்து பதில் சொல்றது நான்தான். மொதலாளி நல்லவரு. அடுத்த வாரம் பணம் வருதும்மா, சொல்லிருன்னாரு. சொன்னேன். அடுத்த வாரமும் அதே சொன்னாரு. நானும் சொன்னேன். பதினோரு வாரம் சொன்னேன். அவரு பொய் சொல்லலைங்க சார், வரும்னு அவரே நம்புனாரு. ஆனா அந்த நூத்தி நாப்பது பேரும் அவரு மொகத்தப் பாக்கலை. என் மொகத்தப் பாத்துத்தான் நம்புனாங்க. அடகு வெச்சாங்க, வட்டிக்கு வாங்குனாங்க. மில்லு பூட்டுன அன்னைக்கு யாரும் என்னைத் திட்டலை. ஒரு அம்மா மட்டும், 'நீ சொன்னீன்னுதான் கண்ணு இருந்தேன்'ன்னாங்க."

மாரக்காள் கையில ஸெல்லோடேப்ப வெச்சுக்கிட்டு அப்படியே நிக்கறாங்க. எனக்கு நல்லாப் பேச வரும்னு ஊரே சொல்லும். அன்னைக்கு வண்டிச் சாவிய எடுத்துக்கிட்டு வெளிய வந்துட்டேன்.

வெளிய வந்தவன் எங்க போறது? ஒரு மணி நேரம் அவிநாசி ரோட்டுல சும்மா போயிட்டு வந்தேன். டீ குடிச்சேன். ஒரு பேப்பர்ல நானே கணக்குப் போட்டுப் பாத்தேன். டீலருங்க கொடுக்கறேன்னு சொன்ன தேதிய வெச்சுப் போட்டா, ஜூலையில பன்னெண்டு லட்சம் மிச்சம். நாப்பத்தியோரு நாள் தள்ளிப் போட்டுப் பாத்தேன், சும்மா ஒரு இதுக்கு. ஜூலை ஏழாந்தேதி கையில எட்டாயிரத்தி சொச்சம். பதினோரு பேருக்கு ரெண்டே முக்கால் லட்சம் சம்பளம். மறுபடியும் போட்டேன். மறுபடியும் எட்டாயிரந்தான். டீக்கடைக்காரரு, "என்னங்க, உடம்புக்கு முடியலையா?"ன்னு கேட்டாரு.

இது சேலம் இல்லைங்க, சிக்னல்ல நிக்குது. வந்துரும். பத்து நிமிசந்தான்.

அடுத்த நாள் பொள்ளாச்சிக்கு வண்டிய விட்டேன். வாங்குன ஆர்டரத் திருப்பிக் கொடுக்கறதுன்னா எனக்கு உசுரு போற மாதிரிங்க. பதினாலு வருசத்துல ஒருத்தருகிட்ட முடியாதுன்னு சொன்னதில்லை. அந்த விவசாயிங்க கம்பெனிக்குத் தலைவரு தெய்வசிகாமணின்னு ஒரு கவுண்டரு, வெள்ளை வேட்டி, காதுல ஒரு ஹியரிங் எய்ட். களத்துல தேங்காய் எண்ணிக்கிட்டு இருந்தாரு. எளநீ வெட்டச் சொன்னாரு. வாங்கிக் கையில புடிச்சுக்கிட்டேன்.

"ஐயா, எண்ணூறு என்னால முடியாதுங்க. எங்க கையில அவ்வளவு பணம் இல்லை. நாலு மாசம் தாங்க மாட்டோம். நூறு வேணும்னாத் தர்றேன்"னு ஒரே மூச்சுல சொல்லிட்டேன்.

அவரு ஹியரிங் எய்ட்டச் சரி பண்ணிக்கிட்டாரு. மறுபடியும் சொல்லச் சொல்றாரு! ஒரு தடவை சொன்னதே பெரும்பாடு. மறுபடியும் சொன்னேன்.

"அட, நல்லதாப் போச்சு போங்க!"ன்னாரு. "நாங்களே நேத்துச் சாயங்காலத்துல இருந்து முழிச்சுக்கிட்டு இருக்கோம். மானியம் இந்த வருசம் இல்லையாம், அடுத்த வருசம் ஆகுமாம். நீங்க ஆசையாக் கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டீங்க, உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு ஆளுக்காளு ஒருத்தர் மேல ஒருத்தர் தள்ளிக்கிட்டு இருந்தோம்."

எண்ணூறு பொட்டியும் செஞ்சு கொடுத்துட்டு, அடுத்த வருசம் வரைக்கும் பணத்துக்குக் காத்துக்கிட்டு இருந்தா எங்க கதி என்னன்னு நெனச்சுப் பாருங்க. நான் நெனச்சுப் பாத்தேன். எளநீய அப்படியே கீழ வெச்சுட்டேன்.

அங்கயே உக்காந்து பேசி முடிச்சோம். மாசம் நூறு பொட்டி. எந்த விவசாயிக்கு வேணுமோ அவரு பாதிப் பணம் முன்னாடி, பொட்டி மாட்டுன அன்னைக்கு மீதி. மானியம் வந்தா அவங்களே வாங்கிக்கட்டும். யாரு பேசி முடிச்சது? நான்தானுங்க. சேல்ஸுன்னா அதுதான். ஷெட்டுக்கு வந்து சொன்னேன், "பாத்தீங்களா, நான் பேசுனதுல எப்படி மாறிப் போச்சு"ன்னு. ஜெகதீசன் சிரிச்சுட்டுக் குனிஞ்சுக்கிட்டான். கோகிலவாணி, "ரொம்ப நல்லதுங்க சார்"ன்னாங்க. முன்பணம் வந்தப்புறம் அதை 'உறுதி' வரியில எழுதுனாங்க. வர்றதுக்கு முன்னாடி எழுதலை. என் வரிக்கு இப்ப இருவது சதவீதம் போடறாங்க. தேனிக்காரரு ரெண்டு தடவை சொன்ன நாள்ல கொடுத்துட்டாரு, அதனால. அம்பதாச்சும் போடுங்கம்மான்னு கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.

அன்னைக்கு உனக்குன்னு பேசுனதுக்கு மன்னிப்புக் கேட்டீங்களான்னு கேக்கறீங்க. கேக்கணும்னுதான் போனேன். ஒரு டப்பா மைசூர்பாகு வாங்கிட்டுப் போயி மேசையில வெச்சேன். பில்லக் கேட்டாங்க. எந்தக் கணக்குல எழுதறதுன்னு. என் சொந்தக் காசும்மான்னேன். அப்பத்தான் டப்பாவத் தொறந்தாங்க.

ஜூலை ஏழாந்தேதி வந்துச்சு. திருநெல்வேலிக்காரரு அஞ்சு லட்சம் போடலை. தருமபுரியும் போடலை. திருநெல்வேலிப் பணம் ஆகஸ்ட் பத்தொம்போதாந்தேதி வந்துச்சு, அதுவும் மூணே கால்தான். அன்னைக்குக் காலையில இருந்து எனக்கு ஒரு எடத்துல உக்கார முடியலைங்க. கணக்குப்படி சம்பளம் இருக்குதுன்னு தெரியும். தெரிஞ்சாலும் நான் வேணும்னே எல்லாத்துகிட்டயும் போயி, "வந்துரும், வந்துரும், கவலைப்படாதீங்க"ன்னு சொல்லிக்கிட்டுத் திரியறேன். யாரும் கேக்கவே இல்லை. நான் சொல்லச் சொல்லத்தான் அவங்களுக்குக் கவலையே வந்துச்சோ என்னமோ.

மத்தியானம் பன்னெண்டரை இருக்கும். ஷெட்டுல ஒரு போன் டிங்குன்னுச்சு. அப்புறம் இன்னொண்ணு. அப்புறம் வரிசையா. பதினோரு போனுங்க. மாரக்காள் போனத் தூரமாப் புடிச்சு, கண்ணச் சுருக்கிப் பாத்துட்டு, எந்திரிச்சு வந்தாங்க. என்கிட்டத்தான் வர்றாங்கன்னு நான் சட்டைய இழுத்து விட்டுக்கிட்டு நின்னேன். என்னைத் தாண்டி கோகிலவாணி மேசைக்குப் போனாங்க.

"அடுத்த மாசமும் போகுமா அம்மிணி?"

கோகிலவாணி அந்தத் தாள எடுத்தாங்க. விரல வெச்சு வாரம் வாரமாப் போனாங்க. ஒரு எடத்துல நிறுத்திக் கூட்டுனாங்க. மறுபடியும் கூட்டுனாங்க. மாரக்காள் நின்னுக்கிட்டே இருக்காங்க. நாங்க எல்லாரும் நின்னுக்கிட்டு இருக்கோம்.

"போகும்"னாங்க.

அவ்வளவுதான் சார். வேற ஒரு வார்த்தை இல்லை. எங்ககிட்ட வேலைக்குச் சேந்ததுல இருந்து, வரும், போகும், நடக்கும்னு அவங்க வாயில நான் கேட்டதே இல்லை. மில்லு மூடுனதுக்கப்புறம் அன்னைக்குத்தான் யாருகிட்டயோ சொல்லியிருப்பாங்கன்னு நெனைக்கறேன். சொல்லிட்டு மூக்குக் கண்ணாடியக் கழட்டி, சேலைத் தலைப்புல தொடைச்சாங்க, ரொம்ப நேரம். மாரக்காள் தலைய ஆட்டிட்டுப் போயி, விட்ட எடத்துல இருந்து பொட்டி அடுக்க ஆரம்பிச்சுட்டாங்க.

காலையில இருந்து நான் நூறு தடவை சொன்னதுக்கு ஒருத்தரும் தலைய ஆட்டலை. வருத்தமா இருந்துச்சான்னா, இருந்துச்சுங்க. இல்லைன்னு சொல்லக் கூடாது. ஆனா அன்னைக்கு நான் எந்த டீலருக்கும் போன் பண்ணலை. பொழுதோட அஞ்சரை மணிக்கு வீட்டுக்குப் போனேன். கம்பெனி ஆரம்பிச்ச மூணு வருசத்துல அந்நேரத்துக்கு வீடு போனதே இல்லை. கூடத்துல பாய விரிச்சு, சட்டையக் கூடக் கழட்டாமப் படுத்து அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிட்டேன். எங்கூட்டுக்காரி பயந்து போயி நெத்தியத் தொட்டுத் தொட்டுப் பாத்தாளாம், காச்சலோன்னு.

காச்சல் எல்லாம் இல்லைங்க.